கல்யாணத்துக்கு யாரும் மொட்டை அடிப்பதில்லை

கண்ணு,

அக்காவின் கல்யாண ஆல்பத்தை அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்ப மாட்டேன். ஆல்பம் பீரோவில்தான் இருக்கிறது. எடுத்து அட்டை வைத்துக் கட்டிக் கூரியரில் போடுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் அனுப்ப மாட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, போன் கார்டு தீரப் போகிறது என்று வைத்துவிடுவாய். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் செய்தாய். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் நான், என் எழுத்து ஒரு கோட்டில் நிற்காது. நீ சிவப்புப் பேனாவில் திருத்துகிற நோட்டு இல்லை இது. படி, அவ்வளவுதான். கோபமாகத்தான் எழுதுகிறேன். "அம்மா, கோபமா?" என்று கேட்பதற்கென்று தனியாக ஒரு போன் போட வேண்டாம்.

உன் அப்பா போய் இன்னும் மூன்று மாதம் நிறையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கூப்பிட்டபோது நான் அவர் படத்துக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். நம் வீட்டில் போன் இருக்கிற இடம் அது. பல்லடத்திலிருந்து அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறேன், அங்கிருந்துதான் பேசுகிறேன் என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கருமாதி முடிந்து பிரான்சுக்குத் திரும்பிப் போனதிலிருந்து நீ யார் வீட்டுக்கும் போகவில்லை, ரூமுக்குள்ளேயே கிடக்கிறாய் என்று எனக்கு ஒரே கவலை. அப்பாடா, ஒருத்தராவது கூப்பிட்டுச் சோறு போட்டார்களே என்று நினைத்தேன். அப்போதுதான் நீ, "அம்மா, ஒரு நிமிஷம், எங்க டீச்சர் உங்கிட்டப் பேசோணுங்கறாங்க" என்றாய்.

"எங்கிட்ட என்றா பேசப்போறாங்க? எனக்கு என்ன தெரியும்?"

"சும்மா கேட்டுட்டு தேங்க்யூன்னு சொல்லீரும்மா. போதும்."

அந்த அம்மா மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். "யுவர் டாட்டர்... மேரேஜ்... வெரி ஹேப்பி." கண்ணு, நான் படிக்காதவள்தான். ஆனால் இத்தனை வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தவள். டாட்டர் என்றால் என்ன, மேரேஜ் என்றால் என்ன, ஹேப்பி என்றால் என்ன என்று திருப்பூரில் பிசிறு வெட்டுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிரே உன் அப்பா மாலையோடு இருக்கிறார். கழுத்து வெறுமையாக நான் நிற்கிறேன். நீ சொல்லச் சொன்னாய் என்பதற்காக "தேங்க்யூ" என்றேன். அந்த அம்மா சந்தோஷமாகச் சிரித்தார். நல்ல மனசு, அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"எந்த மேரேஜ்டா?" என்று நான் கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டாய். திங்கட்கிழமையும் கூப்பிட்டாய், ஆனால் அந்த அப்புறம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. செவ்வாய்க்கிழமையும் நீயாகச் சொல்லவில்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் இந்தியாவுக்கென்று ஒரு நாள் விழா வைத்திருக்கிறார், அதில் பிள்ளைகளுக்குக் காட்ட ஆல்பம் வேண்டும், அக்காவின் கூறைச் சேலையும் வேண்டும் என்று தொடங்கினாய். நான் விடாமல் கேட்கக் கேட்க, பல் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. அப்பா இறந்த செய்தி வந்ததும் பள்ளிக்கூட ஆபீசுக்கு ஓடியிருக்கிறாய். என்ன விஷயம், ஏன் இந்தியா போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நீ, அக்காவுக்குக் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறாய். இப்படித் திடுதிப்பென்று ஒரு கல்யாணமா, முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று அவர்கள் கோபப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கல்யாணம் இப்படித்தான் திடீரென்று வைப்பார்கள் என்று அதற்கும் ஒன்று சொல்லியிருக்கிறாய். திரும்பிப் போனதும் வகுப்பில் பிள்ளைகள் உன் தலையைப் பார்த்து, ஏன் மொட்டை என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்குத் தம்பி மொட்டை அடிப்பது எங்கள் வழக்கம் என்றாயாம். டீச்சரம்மா அதை போர்டில் எழுதிப்போட்டாராம், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம்.

எந்த ஊரில்டா கல்யாணத்துக்கு மொட்டை அடிக்கிறார்கள்? பழனிக்குப் போய் வந்தேன் என்று சொல்லியிருந்தாலும் நான் பொறுத்திருப்பேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். புது மொட்டையோடு ஒருத்தன் கல்யாண மண்டபத்துக்குள் வந்தால் நம் ஊரில் பந்தி பரிமாறுகிறவன்கூட ஒருமுறை நின்று, யார் போனது என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பான். அந்த மொட்டையைக் கொண்டுபோய்க் கல்யாணத்தோடு சேர்த்துவிட்டாயே. உன் அக்காவிடம் போனில் சொன்னேன். முதலில் அவள் சிரித்தாள். "என்னம்மா, எனக்கு ரெண்டாவது தடவையும் கல்யாணம் பண்ணி வெச்சுப்போட்டானா? மாப்பிள்ளை யாருன்னு கேட்டியா? பழைய ஆளேதானா, இல்ல நல்லதா ஒண்ணு பாத்திருக்கானா?" என்றாள். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

அந்த இரண்டு நாட்களை நீ மறந்துவிட்டாயா? காலையில் கம்பெனிக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போகும் முன்பே முடிந்துவிட்டது. ஐஸ் பெட்டி கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து வந்து என்னிடம் சொன்னார்கள், "எத்தன நேரந்தான் வெச்சிருக்கறது, பங்காளி பசங்க இருக்கறாங்கல்ல, யாராச்சும் கொள்ளி வெச்சரட்டும். பையன் எங்கியோ கண்காணாத சீமையில இருக்கறான், அவனுக்கு லீவு குடுப்பாங்களோ என்னமோ." நான் மாட்டேன் என்றேன். அவன் வருவான், அப்பன் செத்துவிட்டான் என்று சொன்னால் எந்த ஊர்க்காரனும் விடுவான் என்றேன். ஊரே என்னைத் திட்டியது. நான் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கை மரத்துப்போயிற்று. அந்த நேரத்தில் நீ அங்கே கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நெசத்தச் சொன்னா நம்ப மாட்டாங்கன்னு தோணுச்சும்மா" என்றாய். "அப்பன் செத்துட்டான்னு சொன்னா எவன்டா நம்பாமப் போவான்?" என்று கத்தினேன். அப்புறம், "எல்லாரும் லீவுக்குச் சொல்ற காரணந்தானேம்மா அது" என்றாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்கு மேல் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இது எங்கே நீ கற்றது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கற்றது.

உன் அப்பா ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அன்றன்றைக்கு லீவு கேட்டவர்களின் கதையைத்தான் சொல்வார். சூப்பர்வைசர் வேலை அப்படி. ஷிப்மெண்ட் நெருங்கும்போதுதான் எல்லாருக்கும் ஊரில் சாவு விழும். "மணியோட அம்மாயிக்கு இந்த வருஷம் இது மூணாவது கருமாதி. அந்தம்மா சாகறதும் பொழைக்கறதுமா இருக்கறாங்க, பாவம், அலுத்தே போயிருப்பாங்க" என்பார். ஒருத்தன் அழுகிற மாதிரி, ஒருத்தன் கண்ணைத் துடைக்கிற மாதிரி நடித்துக் காட்டுவார். நீ சோறு வாயிலிருந்து தெறிக்கச் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் நீயே ஒரு கிரிக்கெட் மேட்சுக்காக என் அப்பாவை, உன் அப்புச்சியைக் கொன்றாயே, நினைவிருக்கிறதா? அப்புச்சி அன்றைக்குப் பொங்கலூரில் நன்றாக உட்கார்ந்து கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு உன் அப்பாவும் சிரித்தார், அப்புச்சியும் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சாவு என்பது லீவு வாங்குகிற சாக்கு. அப்படிப் பழகிய வாய்க்கு, உண்மையில் சாவு வந்தபோது வார்த்தை வரவில்லை. வேறு எந்த ஊர்ப் பையனுக்கும் இது தோன்றியிருக்காது.

ஆனால் கண்ணு, நீ கேட்டது பாதிக் கதைதான். மீதியை உனக்கு யாரும் சொல்லவில்லை. அது நடந்தபோது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டு மார்க்குக்காக பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாய். அப்பா பார்த்த தையல் லைனில் ரேவதி என்று ஒரு பிள்ளை இருந்தது. மூலனூர்க்காரி. டெய்லருக்குப் பக்கத்தில் கைமடி வேலை. ஷிப்மெண்ட் போக வேண்டிய நாள், காலையில் மிஷின் ஓட ஆரம்பித்த நேரம், அவள் வந்து, "அண்ணா, எங்கம்மா செத்துட்டாங்களாம்ண்ணா, நான் போகோணும்" என்றாளாம். உன் அப்பா தலையைத் தூக்காமலே, "இது எத்தனாவது தடவம்மா?" என்றாராம். லைனே சிரித்தது. அவள் டிபன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் அதே ஊர்ப் பிள்ளை ஒன்று வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, உண்மை என்று.

அன்றைக்கு உன் அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் கம்பெனிக்கும் போகவில்லை. அவர் லீவு போட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. என்னையும் கூட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறி, அங்கே மாறி, மூலனூர் போனோம். அது ஓட்டு வீடு. வெளியே தார்ப்பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. உன் அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் அவள், "ஷிப்மெண்ட்டு போயிருச்சுங்களாண்ணா?" என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை கண்ணு, உண்மையாகவே கேட்டாள். உன் அப்பாவால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். "பொய் சொல்றவன் சொல்லீட்டுப் போறான். அதுல ஒண்ணு நெசமா இருந்துச்சுன்னா நான் எங்க கொண்டுபோயி மூஞ்சிய வெச்சுக்குவேன்?" அன்றிலிருந்து எவன் வந்து சாவு என்று சொன்னாலும் மறு கேள்வி கேட்காமல், "போய்ட்டு வா" என்பார். மணியின் அம்மாயி அதற்கப்புறமும் செத்தார். அதற்கும் லீவு கொடுத்தார். சாப்பிடும்போது கதை சொல்வதும் நின்றுபோயிற்று. நீ லீவுக்கு வந்தபோது அதைக் கவனிக்கவில்லை, எங்களுக்கும் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உன் அப்பாவின் கதையை நீ பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் உன் பாட்டு ஒரே பாட்டுதான். "செட் ஆக மாட்டேங்குதும்மா." ரூம் குளிருது, சாப்பாடு இறங்கல, பசங்க பேச்சைக் கேட்க மாட்டேங்கறாங்க, கிளாசுல நின்னா இங்கிலீஷே வர மாட்டேங்குது. போன வருஷம் இதே ஊர், இதே பள்ளிக்கூடம், இதே குளிர். அப்போது என்னென்ன சொன்னாய்! அங்கே பாலாடைக்கட்டி நாற்றத்தைப் பற்றி ஒரு முழு கார்டு தீரப் பேசினாய். பசங்கள் உன் பெயரைச் சொல்ல முடியாமல் நாக்கு சுளுக்கிக்கொள்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். உன் அப்பா கம்பெனியில் எல்லாரிடமும் சொன்னார். "பையன் அங்க என்ன வேலைங்க?" என்று கேட்டால், "டீச்சருக்குக் கைமடிக்கிறானுங்க" என்பார். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்து மடித்துக் கொடுப்பார்களே, அந்தக் கைமடி வேலையில்தான் அவரும் ஆரம்பித்தார். எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "அசிஸ்டெண்ட்டுன்னு எதுக்குங்க சொல்றீங்க, புரொபசர்ன்னு சொல்லுங்க, இங்க எவனுக்குத் தெரியப்போவுது" என்றார். "கைமடிக்குப் பேரு கைமடிதானுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

உனக்கு ஏன் செட் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். என்னை வைத்தே சொல்கிறேன். முப்பதாம் நாள் கும்பிட்டதும் நான் செக்கிங் வேலைக்குத் திரும்பிப் போனேன். அதற்குள்ளேயா என்று பேசினார்கள், பேசிவிட்டுப் போகட்டும். முதல் நாள் எங்கள் டேபிளில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பீஸ் வந்தது, பார்த்தோம், தள்ளினோம். மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். எனக்கு டிபன் மூடியைத் திறக்கவே மனசு வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி ஒருத்தி, மேரி, அவள்தான் பிடித்துக்கொண்டாள். "எக்கா, இப்பம் நீங்க சாப்பிடலன்னா நாங்க ஒருத்தரும் தின்ன மாட்டோம். எனக்கு வேற பசி உயிர் போவுது. எம் மேல பாவம் பாத்தாது தொறங்க." இன்னொருத்தி, "அவ பசிக்கு நீங்க பொறுப்புங்கக்கா, அப்புறம் எங்க டிபனையும் புடுங்கித் தின்னுபோடுவா" என்றாள். நான் சாப்பிட்டேன். அதற்கடுத்த வாரம் ஒரு பண்டல் முழுக்க ஓட்டையாக வந்தது. மேரி, உன் அப்பாவைச் சொல்லி, "அண்ணாச்சி இருந்திருந்தா இந்நேரம் இந்த லைனு முச்சூடும் நாறப் பேச்சு கேட்டிருக்கும்லா" என்றாள். டேபிளே என் முகத்தைப் பார்த்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பண்டலை எடுத்தேன். அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான் எனக்குச் சிரிக்க முடிந்தது. தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் சிரிப்பும் வந்திருக்காது, சோறும் இறங்கியிருக்காது.

அங்கே உன்னைச் சுற்றி இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. நீ சோர்ந்து நின்றால், கல்யாணக் களைப்பு என்று நினைப்பார்கள். நீ பேசாமல் இருந்தால், அக்காவைப் பிரிந்த வருத்தம் என்று நினைப்பார்கள். அந்த டீச்சரம்மா உனக்குச் சோறு போட்டது ஒரு கல்யாணத்துக்கு. துக்க வீட்டுப் பிள்ளைக்கு அவர் இன்னும் சோறு போடவில்லை. கல்யாண வீட்டுக்காரனாக அங்கே இருந்துகொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏழு கடல் தாண்டி எனக்குப் போன் போட்டு, அதுவும் வாயைத் திறந்து எதுவும் சொல்லாமல், "சாப்ட்டியாம்மா, சாப்ட்டியாம்மா" என்று கேட்டால் எப்படிடா செட் ஆகும்?

உன் பெரியப்பா நேற்று வந்திருந்தார். "அந்த வேலைய உட்டுப்போட்டு வரச் சொல்லு. அவனப்பன் எடத்துக்கே சூப்பர்வைசரா எடுத்துக்கறோம்னு கம்பெனியில சொல்றாங்க. வெள்ளக்காரப் பசங்களுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்து என்னத்தக் கண்டான்?" என்றார். நீ அந்த வருஷ வேலையை முடித்துவிட்டு, எனக்கு ஊர்தான் பிடிக்கிறது என்று வந்தால் நான் கதவைத் திறந்து வைக்கிறேன். ஆனால் ஒரு பொய்யைத் தாங்க முடியாமல் ஓடி வருவதாக இருந்தால் வராதே. அப்படி வந்தால் இங்கேயும் உனக்கு இருப்புக் கொள்ளாது. அங்கே உன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று இங்கே உட்கார்ந்து யோசிப்பாய்.

அதனால் சொல்லிவிடு. எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதே. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத்தானே போயிருக்கிறாய், அப்பா இறந்துவிட்டார் என்பதை விடச் சின்னதாக அந்த பாஷையில் என்ன இருக்கிறது? முதலில் அந்த டீச்சரம்மாவிடம் சொல். அப்புறம் ஆபீசில். அப்புறம் அந்தப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் நோட்டில் தப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதை அடித்துவிட்டு, பெற்ற அப்பனுக்காகத்தான் மொட்டை அடிப்பார்கள் என்று எழுதச் சொல். இந்திய விழாவில் என்ன காட்டுவது என்று தவிக்காதே. பனியன் தைப்பது எப்படி என்று சொல். அவர்கள் போட்டிருக்கிற பனியனே நம் ஊர்ப் பனியனாக இருக்கலாம்.

இப்போது போய்ச் சொன்னால் நம்புவார்களா என்று கேட்பாய். எனக்கு எப்படித் தெரியும்? நம்பாமல் போகலாம். அப்போது சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று யாராவது கேட்கலாம். கேட்டால் நின்று கேட்டுக்கொள். டீச்சரம்மா கோபித்துக்கொள்ளலாம், அவர் மகிழ்ச்சியோடு போனில் பேசிய பேச்சை நினைத்து அவருக்கு வெட்கமாகக்கூட இருக்கும். எனக்கும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாவிடம், என் அம்மா உங்கள் மேல் கோபப்படவில்லை என்று கட்டாயம் சொல்.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன், இதை மிரட்டலாகவே வைத்துக்கொள். எங்கள் கம்பெனி ஆபீசில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிற பெண்ணிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "எக்ஸ்பயர்டுன்னு சொல்லுங்கக்கா" என்றாள். "ஏஞ்சாமி, மருந்து டப்பாவுல போட்டிருக்குமே, அதா?" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாள். பீஸ் பார்த்துக்கொண்டே மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், வருகிறது. ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பேச்சு இல்லை. கொள்ளி வைத்தவன் நீ. உன் வாயால் வர வேண்டும்.

இங்கே வந்தபோது நீ அழவே இல்லை. பந்தல்காரனுக்குச் சொன்னாய், சமையல்காரனுக்குச் சொன்னாய், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாய். எல்லாரும் உன்னைப் பொறுப்பான பையன் என்றார்கள். நீ எங்கே அழப்போகிறாய் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் முன்னால் அழ மாட்டாய், அது எனக்குத் தெரியும். அந்த ஊரில்தான் அழ வேண்டியிருக்கிறது உனக்கு. அதற்கு அங்கே ஒரு ஆளாவது வேண்டும்.

நீ சொல்லுகிற அன்றைக்கு எனக்குப் போன் பண்ணாதே கண்ணு. சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தகவல் சொல்ல ஓடாதே. அங்கேயே இரு. அவர்களுக்கு இதற்கெல்லாம் என்ன வழக்கமோ, தெரியாது. கட்டிப்பிடிப்பார்களோ, காப்பி போட்டுக் கொடுப்பார்களோ, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களோ. எது செய்தாலும் செய்யவிடு. எழுந்து வந்துவிடாதே. அவர்களில் யாராவது ஒருத்தர், சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்கட்டும்.

அம்மா